ஆகஸ்டில் இரண்டு வாரம்: நல்லூரா, கண்டியா, கதிர்காமமா?

தூரதேசத்தான் (டொரொன்டோ) எழுதியது:

வணக்கம். பதினொரு வருடங்களுக்குப் பிறகு குடும்பத்தோடு ஊருக்கு வரப்போகிறேன். அம்மாவுக்கு 71 வயது, முழங்கால் வலி வேறு. மகனுக்கு 14, மகளுக்கு 10. ஊர்த் திருவிழாவை இருவரும் என் கைத்தொலைபேசியில்தான் பார்த்திருக்கிறார்கள். விடுமுறை 16 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட நீட்ட முடியாது.

முதலில் கதிர்காமம், பிறகு கண்டிப் பெரஹரா யானை ஊர்வலம், கடைசியில் நல்லூர்த் தேர் என்று நினைத்திருக்கிறேன். மூன்றும் ஆகஸ்டில் வரும் என்றுதான் ஞாபகம். டிக்கெட் எடுத்துத் தருபவர் ஆகஸ்ட் 5 புறப்பட்டு 21 திரும்பும்படி இருக்கை பிடித்து வைத்திருக்கிறார். நாளை மறுநாளுக்குள் பணம் கட்ட வேண்டும். கட்டலாமா?

கச்சான்காரன் (திருநெல்வேலி, யாழ்ப்பாணம்) எழுதியது:

கட்டுங்கள். மூன்றில் ஒன்றாவது கிடைக்காமலா போகும்?

வடமராட்சியான் எழுதியது:

தம்பி, கட்டாதீர்கள். கச்சான்காரன் பேச்சைக் கேட்டுப் பயணம் வைத்தவர்கள் தேர்முட்டியைத்தான் பார்த்துவிட்டுத் திரும்பியிருக்கிறார்கள்.

நல்லூர்க் கந்தனுக்கு ஆகஸ்ட் தெரியாது, அமாவாசைதான் தெரியும். ஆடி அமாவாசையிலிருந்து எண்ணினால் ஆறாம் நாள் கொடியேறும். இருபத்தைந்து நாள் திருவிழா. ஆவணி அமாவாசையன்று தீர்த்தம், அதற்கு முதல் நாள் தேர், அதற்கும் முதல் நாள் சப்பறம். இந்தக் கணக்கு மாறுவதில்லை. ஆங்கிலத் தேதிதான் அதைச் சுற்றி ஓடிக்கொண்டிருக்கும். கடந்த மூன்று வருடங்களைப் பாருங்கள். 2023இல் கொடி ஆகஸ்ட் 21, தேர் செப்டெம்பர் 13. 2024இல் கொடி ஆகஸ்ட் 9, தேர் செப்டெம்பர் 1. 2025இல் கொடி ஜூலை 29, தேர் ஆகஸ்ட் 21. உங்களுடைய 5 முதல் 21 வரையான கணக்கில், முதலிரண்டு வருடமும் தேரை விட்டிருப்பீர்கள். மூன்றாவது வருடம் தேர் இழுக்கும் நேரத்தில் விமானத்தில் இருந்திருப்பீர்கள்.

ஏன் இப்படி? சந்திர மாதம் பன்னிரண்டைக் கூட்டினால் ஏறத்தாழ 354 நாள்தான் வரும். அதனால் திருவிழாத் தேதி வருடத்துக்குப் பதினொரு நாள் முந்தி வரும். இரண்டரை, மூன்று வருடத்துக்கு ஒருமுறை ஓர் அதிக மாதம் சேர்த்து அதைச் சரிசெய்வார்கள். அந்த வருடம் எல்லாம் ஒரேயடியாகப் பிந்திவிடும். 2023 அப்படிப்பட்ட வருடம்.

கண்டிக் குளிர் எழுதியது:

ஐயா சொன்னது எங்கள் ஊருக்கும் அப்படியே பொருந்தும். பெரஹரா முடிவது சிங்கள நிகினி மாதப் பௌர்ணமியில். 2023இல் அது ஆகஸ்ட் 30, 2024இல் 19, 2025இல் 8. நல்லூர்த் தேதிகளுக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், வேடிக்கை தெரியும். கடைசி ரந்தோலிப் பெரஹரா முடிந்து பதின்மூன்று, பதினான்கு நாளில் நல்லூரில் தேர். எந்த வருடமாக இருந்தாலும் அப்படித்தான். இரண்டுக்கும் ஒரே நிலாதான். வளர்ந்து முடியும்போது எங்களுக்கு, தேய்ந்து முடியும்போது உங்களுக்கு.

பெரஹரா பத்து இரவு. முதல் ஐந்து கும்பல் பெரஹரா, பின் ஐந்து ரந்தோலி. பாதையோரத்தில் கதிரை போட்டு விற்பார்கள். கடைசி இரவுக் கதிரையின் விலையைக் கேட்டால் நிலத்தில் உட்காருவதே மேல் என்று தோன்றும். அம்மாவை அழைத்து வருவதானால் கும்பல் நாட்களில் ஒன்றுக்கு வாருங்கள் என்பேன். யானை குறைவு, கூட்டமும் குறைவு, பிள்ளைகள் முன்வரிசையில் நிற்கலாம். ரந்தோலிதான் வேண்டும் என்றால் மதியம் இரண்டு மணிக்கே இடம் பிடிக்க வேண்டும். அதன் பிறகு பாதைகளை மூடத் தொடங்கிவிடுவார்கள். வெளியே போனால் திரும்ப உள்ளே வருவது கடினம்.

பலரும் கவனிக்காமல் விடும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். தலதா மாளிகை யானையின் மேல் போவது பேழைதான், புத்தரின் புனிதப் பல் வெளியே வருவதில்லை. அந்த அணிக்குப் பின்னால் நான்கு தேவாலயங்களின் அணிகள் வரும். நாத, விஷ்ணு, கதிர்காமம், பத்தினி என்பது வரிசை. கதிர்காமத் தேவாலயத்தின் அணியில் காவடி ஆடி வருவார்கள். பத்தினி வேறு யாருமில்லை, நம்முடைய கண்ணகிதான். மாளிகை யானை போனதும் எழுந்து போய்விடுகிறவர்கள் முருகனையும் கண்ணகியையும் பாராமல் போகிறார்கள். எங்கள் வீட்டில் அம்மம்மா இதைச் சொல்லிச் சொல்லியே கடைசி யானை வரைக்கும் எங்களை உட்கார வைப்பார்.

தூரதேசத்தான் எழுதியது:

நன்றி ஐயா, நன்றி அக்கா. பணம் கட்டவில்லை. அப்படியென்றால் கதிர்காமம்?

வடமராட்சியான் எழுதியது:

கதிர்காமம் இன்னும் ஒரு பௌர்ணமி முந்தியது. எசலப் பௌர்ணமியை ஒட்டி, அநேகமாக ஜூலையில், மாணிக்க கங்கையில் தீர்த்தத்தோடு முடிந்துவிடும். ஆக வரிசை இப்படி வரும். எசலப் பௌர்ணமியில் கதிர்காமம். அடுத்து வரும் ஆடி அமாவாசையில் கீரிமலைத் தீர்த்தமும் மட்டக்களப்பு மாமாங்கத் தீர்த்தமும். அடுத்த பௌர்ணமியில் கண்டி. அதற்கடுத்த அமாவாசையில் நல்லூர். முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளிக்கு ஆறு வாரம். பதினாறு நாள் விடுமுறைக்குள் அடுத்தடுத்த இரண்டு புள்ளிகள்தான் அடங்கும். எந்த இரண்டு என்று நீங்கள் முடிவு செய்யுங்கள்.

மீன்பாடும் கரை (மட்டக்களப்பு) எழுதியது:

மாமாங்கத்தைப் போகிற போக்கில் ஒரு சொல்லாகவாவது சொன்னதற்கு ஐயாவுக்கு நன்றி. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு இலங்கைத் திருவிழா என்றால் நல்லூர், நல்லூர் விட்டால் கண்டி. கிழக்கில் யாரும் கோயில் கட்டவில்லை போல.

எங்கள் பெரிய காலம் வைகாசி. கண்ணகி அம்மன் கோயில்கள் பலவற்றில் வருடம் முழுவதும் கதவு பூட்டியிருக்கும். வைகாசியில் கதவு திறக்கும் சடங்கோடு தொடங்கி, சில நாள் சடங்கு நடந்து, திருக்குளிர்த்தியோடு மீண்டும் பூட்டிவிடுவார்கள். திருவிழா என்று நாங்கள் சொல்வதில்லை, சடங்கு என்றுதான் சொல்வோம். மதுரையை எரித்துவிட்டு வந்தவளின் கோபத்தைத் தணிக்கும் குளிர்த்தி அது. வழக்குரை பாடும்போது, இருபது முறை கேட்டவர்களும் கோவலன் கொலைப்படும் இடத்தில் அழுவார்கள். கொடியும் இல்லை, தேரும் இல்லை. படம் எடுத்துப் போட ஒன்றும் இல்லாததால் வெளியில் தெரியவில்லையோ என்னவோ.

முல்லைத்தீவு வற்றாப்பளைப் பொங்கலும் வைகாசியில்தான். அங்கே கடல்நீரில் விளக்கெரியும் என்பது நம்பிக்கை. நம்பாதவர்களும் பார்ப்பதற்குப் போவார்கள்.

கச்சான்காரன் எழுதியது:

கிழக்கில் கோயில் இல்லை என்று யார் சொன்னது? மாமாங்கத் தீர்த்தத்துக்கு நானே கச்சான் கடலை கொண்டுவந்து விற்றிருக்கிறேன். நல்ல வியாபாரம். உங்கள் ஊர்க்காரர்கள் பேரம் பேசுவதில்லை.

கொழுந்துக்கூடை (ஹட்டன்) எழுதியது:

வடக்கு சொன்னது, கிழக்கு சொன்னது, மலையகம் மட்டும் வழக்கம்போல் ரயில் ஜன்னலுக்கு வெளியே தெரியும் பச்சை. நானும் சொல்லிவிடுகிறேன்.

ஆகஸ்டில் இங்கே வந்தால் மழையும் அட்டையும்தான் மிஞ்சும். எங்கள் காலம் மாசி. அமாவாசை கழிந்து காமன் ஊன்றுவார்கள். தோட்டத்துக்குத் தோட்டம் இரவிரவாகக் காமன் கூத்து நடக்கும். ரதியும் மதனும் பொது இடத்தில் ஆடி வர, கடைசியில் சிவன் நெற்றிக்கண்ணைத் திறந்து காமனை எரிப்பார். பகல் முழுக்கக் கொழுந்து பறித்தவர்கள் இரவு முழுக்கத் தப்புச் சத்தத்தோடு விழித்திருப்பார்கள். மறுநாள் மலைக்கு வேலைக்கும் போவார்கள். அதே மாசியில் மகத்தன்று மாத்தளை முத்துமாரியம்மனுக்குத் தேர், ஒன்றல்ல, ஐந்து. நல்லூர்த் தேர் பார்க்காவிட்டால் பிறவி வீண் என்று பேசுகிறவர்கள் மாத்தளைப் பஞ்சரதத்தைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

சிவனொளிபாதமலைக்கும் ஆகஸ்டில் ஏறாதீர்கள். டிசம்பர்ப் பௌர்ணமிக்குத் தொடங்கி மே மாத வெசாக் வரைக்கும்தான் அதன் பருவம். அந்த மாதங்களில் நல்லதண்ணிப் பாதையில் உச்சிவரை விளக்கெரியும், தேநீர்க்கடை இருக்கும், கைக்குழந்தையோடு ஏறுகிறவர்கள் இருப்பார்கள். பருவம் முடிந்தால் விளக்கை நிறுத்திவிடுவார்கள், 2,243 மீட்டர் உயரமும் காற்றும் மழையும்தான். வெளிநாட்டுப் பயணிகள் சிலர் ஏறுகிறார்கள் என்பதற்காக அம்மாவைக் கூட்டிக்கொண்டு போய்விடாதீர்கள்.

தீபாவளியைப் பற்றி ஆரம்பித்தால் முற்பணத்தில்தான் போய் நிற்பேன். தோட்டத்தில் தீபாவளி முற்பணம் கொடுப்பார்கள். பெயரைக் கேட்டால் பரிசு போலிருக்கும். பிறகு மாதாமாதம் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள். புத்தாடை தீபாவளிக்கு, கடன் தமிழ்ப் புத்தாண்டு வரைக்கும்.

கொழும்பு பதின்மூன்று எழுதியது:

தோட்டத்தில் முற்பணம், எங்களுக்கு அதுவும் இல்லை. தனியார் நிறுவனத்தில் வேலை செய்கிற எவரையும் கேளுங்கள். நாட்காட்டியில் விடுமுறைக்குப் பக்கத்தில் மூன்று குறிகள் போட்டிருப்பார்கள், அரச விடுமுறை, வங்கி விடுமுறை, வணிக விடுமுறை என்று. தைப்பொங்கலுக்கு மூன்று குறியும் உண்டு. தீபாவளிக்கு இரண்டுதான். மகா சிவராத்திரிக்கும் பெரிய வெள்ளிக்கும் அதே கதி. அதனால் தீபாவளியன்று காலையில் எண்ணெய் வைத்து முழுகிவிட்டு, புதுச் சட்டையோடு பஸ் ஏறி அலுவலகம் போன வருடங்கள் எனக்கு உண்டு. சொந்த விடுப்பு கேட்டால், அந்த மாதக் கணக்கு முடிக்க வேண்டும் என்பார் மேலாளர். கணக்கு முடிக்கும் மாதத்தில்தான் நரகாசுரனும் சாகிறான், என்ன செய்வது?

வடமராட்சியான் எழுதியது:

விடுமுறை என்றதும் ஒரு பழைய கதை. 1966 முதல் 1971 வரை இந்த நாட்டில் சனி ஞாயிறு விடுமுறை கிடையாது, தெரியுமா? நான்கு போயா தினங்களும் அவற்றின் முதல் நாட்களும்தான் வார விடுமுறை. முழுநிலா, தேய்பிறை அரை, அமாவாசை, வளர்பிறை அரை. நிலாவின் கால் சுற்று ஏழு நாளுக்குச் சற்று அதிகம். ஆகவே சில வாரங்கள் எட்டு நாளாகிவிடும். நான் அப்போது பத்து வயதுப் பையன். இந்த வாரம் விடுமுறை செவ்வாய் என்றால் அடுத்த வாரம் புதனா செவ்வாயா என்று நாட்காட்டியைப் பார்த்தால்தான் தெரியும். உலகமெல்லாம் வேலை செய்யும் நாளில் துறைமுகமும் வங்கியும் மூடிக் கிடந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்? 1971இல் பழையபடி ஞாயிறுக்குத் திரும்பினார்கள். பௌர்ணமிப் போயா மட்டும் விடுமுறையாக நின்றுவிட்டது. இன்றைக்கு மாதந்தோறும் கிடைக்கும் அந்த ஒரு நாளைப் பலரும் காலங்காலமாக உள்ளது என்றே நினைக்கிறார்கள்.

தூரதேசத்தான் தம்பிக்கு இதில் பயன்படும் செய்தி ஒன்று உண்டு. போயா தினத்தில் மதுக்கடை, இறைச்சிக்கடை திறக்காது. நான் சொன்ன புள்ளிகளில் அடுத்தடுத்த எந்த இரண்டை எடுத்தாலும் உங்கள் பயணத்தில் ஒரு பௌர்ணமி வரும்.

கச்சான்காரன் எழுதியது:

ஐயா, அதை முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும். சிலருக்கு இதுதான் முக்கியமான தகவல்.

கல்முனையூர் எழுதியது:

நிலாவைப் பற்றி இவ்வளவு பேசுகிறீர்கள். எங்களைப் போல் நிலாவை நம்பி வாழ்கிறவர்கள் யார்? உங்களுக்காவது அதிக மாதம் வந்து எல்லாவற்றையும் இழுத்து நிறுத்துகிறது. எங்களுக்கு அது இல்லை. நோன்பு வருடத்துக்குப் பத்து, பதினொரு நாள் முன்னே நகர்ந்துகொண்டே இருக்கும். வாடைமழையில் நோன்பு பிடித்திருக்கிறேன், சோளகக் காற்றிலும் பிடித்திருக்கிறேன். பெருநாள் நாளையா மறுநாளா என்பது பிறை கண்ட பிறகுதான். கொழும்புப் பெரிய பள்ளிவாசலிலிருந்து அறிவிப்பு வரும்வரை வீட்டில் யாரும் தூங்குவதில்லை, தையற்கடைக்காரர் உட்பட.

எங்கள் ஊருக்கு வருவதானால் கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்றத்துக்கு வாருங்கள். நாகூர் சாகுல் ஹமீது நாயகத்தின் நினைவாகப் பன்னிரண்டு நாள் நடக்கும். கடற்கரை மணலில் கடைத்தெருவே முளைத்துவிடும். சிறுவயதில் எங்களுக்குக் கொடியேற்றம் என்றால் பக்தி கால்பங்கு, அல்வாவும் ராட்டினமும் முக்கால்பங்கு. அதுவும் பிறைக் கணக்குத்தான். எந்த மாதம் வரும் என்று கேட்டால் எந்த வருடம் வருகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்பேன்.

கண்டிக் குளிர் எழுதியது:

நிலாவோடு காற்றையும் பார்க்க வேண்டும். தென்மேல் பருவக்காற்று மே முதல் செப்டெம்பர் வரை தெற்கையும் மேற்கையும் மலைநாட்டையும் நனைக்கும். அப்போது வடக்கும் கிழக்கும் காய்ந்து கிடக்கும். ஐப்பசிக்குப் பிறகு அப்படியே மறுதலை. யோசித்துப் பாருங்கள், வடக்கு கிழக்கின் பெரிய திருவிழாக்கள் பலவும் வைகாசிக்கும் ஆவணிக்கும் நடுவில்தான். தேர் இழுக்க மண் காய்ந்திருக்க வேண்டாமா?

கொழும்பு பதின்மூன்று எழுதியது:

வெசாக்கிற்கு அந்தக் கொடுப்பினை இல்லை. மே மாதப் பௌர்ணமி, மழையும் அப்போதுதான் பிடிக்கும். ஒரு வாரம் விழித்திருந்து ஈர்க்கில் கட்டி, தாள் ஒட்டி, வெசாக் விளக்குக்கூடு செய்து மாட்டினால், முதல் இரவே ஒரு மழை. மறுநாள் காலையில் எலும்புக்கூடு தொங்கும். 2016இல் வெசாக் மே 21. அதற்குச் சில நாள் முன்பு களனி கங்கை பெருக்கெடுத்து எங்கள் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர். பந்தல் போட வைத்திருந்த மரத்தைத் தெப்பமாகக் கட்டி, தன்சல் என்னும் அன்னதானத்துக்குச் சேர்த்த அரிசியைச் சமைத்து, கூரையில் இருந்தவர்களுக்குப் பொட்டலம் கொண்டுபோனார்கள் எங்கள் தெருப் பையன்கள். நான் சாப்பிட்டதிலேயே நல்ல தன்சல் அந்த வருடத்துத் தன்சல்தான். ஆம், கூரையில் நானும் இருந்தேன்.

கச்சான்காரன் எழுதியது:

காற்று என்று வந்துவிட்டதால் எனக்கும் உரிமை உண்டு. மேற்கிலிருந்து வரும் காற்றுக்கும் கச்சான் என்றுதான் பெயர், நான் விற்கும் கடலைக்கும் கச்சான் என்றுதான் பெயர். ஏனென்று கேட்காதீர்கள், வியாபார ரகசியம்.

உண்மையான காற்றுத் திருவிழா பார்க்க வேண்டுமானால் தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரைக்குப் போங்கள். வாடைக்காற்றில் பட்டம் ஏற்றுவார்கள். கொக்கு, பிராந்து, எட்டுமூலை எல்லாம் பழைய காலம். இப்போது கப்பலும் தேரும் வானத்தில் நிற்கும். விண் பூட்டிய பட்டத்தை இரவு கட்டிவிட்டுப் படுத்தால் விடியும்வரை அது கூவும் சத்தத்தில் ஊரே தூங்கும். வெளியூர்க்காரர்களுக்குத் தூக்கம் வராது.

தூரதேசத்தான் எழுதியது:

எல்லாவற்றையும் படித்தேன். அம்மாவுக்கும் வாசித்துக் காட்டினேன். அவர் நிறைய நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "தேர் அடுத்த வருடமும் வரும்" என்றார்.

முதல் பதிவில் ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். அப்பா இரண்டு வருடங்களுக்கு முன் இங்கே காலமானார். ஆடி அமாவாசைக்கு இங்கே கோயிலில் சங்கற்பம் செய்து, வீட்டில் விரதம் பிடித்தேன். அப்பா உயிரோடு இருந்தபோது, தன் அப்பாவுக்குக் கீரிமலையில் தீர்த்தமாட வேண்டும் என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அந்தப் பக்கம் போகவே முடியாமல் இருந்த வருடங்கள் பல. போக முடிந்தபோது அவருக்கு உடம்பு முடியவில்லை. அம்மா எதையும் வாய்விட்டுக் கேட்கவில்லை. நான்தான் பிள்ளைகளுக்குப் பெரிய தேரும் யானையும் காட்ட வேண்டும் என்று ஓடிக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஐயா, உங்கள் வரிசையில் இரண்டாவது புள்ளியிலிருந்து மூன்றாவது புள்ளிவரை என்றால் எத்தனை நாள்?

வடமராட்சியான் எழுதியது:

பதினைந்து நாள், தம்பி. உங்கள் விடுமுறைக்கு அளந்து வெட்டியது போல.

2025இல் எப்படி வந்தது என்று பாருங்கள். ஜூலை 24 ஆடி அமாவாசை, 29 நல்லூர்க் கொடியேற்றம், ஆகஸ்ட் 8 கண்டியில் கடைசி ரந்தோலி. 2024இலும் அப்படியே, ஆகஸ்ட் 4, 9, 19. நீங்கள் வரும் வருடத்துக்குப் பஞ்சாங்கத்தைப் பார்த்து இதே கணக்கைப் போடுங்கள். வாக்கியமா திருக்கணிதமா என்று உறவினர்களுக்குள் வாக்குவாதம் வரும். நல்லூர் எந்த நாளில் கொடியேற்றுகிறதோ அந்தக் கணக்கில் நில்லுங்கள். அமாவாசைக்கு ஒரு நாள் முன்னராவது வந்து இறங்கிவிடுங்கள். கொழும்பிலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீட்டர். விமானத்தில் வந்த களைப்போடு அதே இரவில் அம்மாவை பஸ்ஸில் ஏற்றாதீர்கள்.

கீரிமலையில் விடியப்புறமே போய்விடுங்கள். பத்து மணிக்குப் பிறகு வெயிலும் வாகனமும் தாங்காது. கேணியில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் தனித்தனி இடம். கேணித் தண்ணீர் நல்ல தண்ணீர், எட்டி நின்றால் உப்புக் கடல். மகனுக்கு அதைக் குடித்துப் பார்க்கச் சொல்லுங்கள், நம்பமாட்டான்.

தேரை விட்டோம் என்று மனவருத்தம் வேண்டாம். கொடியேற்றம் பார்ப்பது ஒரு விதத்தில் நல்லது. அன்றைக்கு நல்லூரில் நிற்க இடம் இருக்கும். கோயிலைச் சுற்றி வீதியில் மணல் பரப்பி, செருப்பில்லாமல் நடக்க வைத்திருப்பார்கள். மகனுக்கு வேட்டி கட்டப் பழக்குங்கள், ஆண்கள் மேலாடை இல்லாமல்தான் உள்ளே போக வேண்டும். அர்ச்சனைச் சீட்டு இன்றைக்கும் ஒரு ரூபாய். சில்லறையாக வைத்திருங்கள், இப்போது ஒரு ரூபாய்க் குற்றியைத் தேடிப் பிடிப்பதுதான் பெரிய வேலை. நேரத்துக்குப் போங்கள். அறிவித்த நேரத்துக்கு ஒரு நிமிடம் பிந்தாமல் நடக்கும் கோயில் அது.

மீன்பாடும் கரை எழுதியது:

நல்ல முடிவு. ஆடி அமாவாசையன்று மாமாங்கத்தில் எங்கள் அப்பாவுக்கு நான் தீர்த்தமாடும்போது உங்கள் அப்பாவையும் நினைத்துக்கொள்கிறேன். மேலே சற்றுக் கடுமையாக எழுதிவிட்டேன். வைகாசியில் ஒருமுறை வாருங்கள்.

கண்டிக் குளிர் எழுதியது:

கண்டிக்கு வரும் நாள் முடிவானதும் இங்கே எழுதுங்கள். கடைசி ரந்தோலியை விட்டு, ஓரிரு நாள் முன்னதாக வந்தாலும் பரவாயில்லை. அம்மா உட்காருவதற்குப் படியில்லாத இடம் எங்கே என்று பார்த்துச் சொல்கிறேன். ஜாக்கெட் எடுத்து வாருங்கள். கனடாவிலிருந்து வருகிறவர்களுக்குக் கண்டிக் குளிர் ஒரு குளிரா என்று சிரிப்பீர்கள். யாழ்ப்பாணத்து வெயிலில் பத்து நாள் நின்றுவிட்டு வந்தால் சிரிப்பு வராது.

தூரதேசத்தான் எழுதியது:

டிக்கெட் மாற்றிவிட்டேன். இருக்கைக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கேட்டார்கள், கொடுத்துவிட்டேன். மகள் யானை நிச்சயம்தானே என்று மூன்று முறை கேட்டாள். மகன் வேட்டி விஷயத்தில் இன்னும் பேச்சுவார்த்தையில் இருக்கிறான்.

கடைசியாக ஒரு கேள்வி. விரதச் சமையலுக்குக் காத்தோட்டிக்காய் கட்டாயம் வேண்டும் என்கிறார் அம்மா. இங்கே இரண்டு வருடமும் அது கிடைக்காமல் பாகற்காயை வைத்துச் சமாளித்தோம். அங்கே இப்போதும் கிடைக்கிறதா?

கச்சான்காரன் எழுதியது:

கிடைக்கும். அமாவாசைக்கு முதல் நாள் திருநெல்வேலிச் சந்தைக்கு விடிய ஆறு மணிக்கு வாருங்கள். எட்டு மணிக்குப் போனால் விலை இரண்டு மடங்கு, ஒன்பது மணிக்குப் போனால் காயே இருக்காது. வாசலில் இடது கைப்பக்கம் ஒரு கச்சான் கடை இருக்கும். முதல் நாளே எழுதிவிட்டால் நான் வாங்கி வைத்திருப்பேன், காசு வேண்டாம்.